சிந்தையும் எண்ணமும்

திருவாசகத்தின் தொடக்கத்தில் நிற்கும் சிவபுராணம் 95 அடிகளால் ஆயது. அதன் 17 ஆம் அடியில், சிவபெருமான் தமது சிந்தையுள் நின்றமையை மணிவாசகப் பெருமான் எடுத்துரைக்கின்றார். 22 ஆம் அடியிலோ, அப்பெருமான் திருவடிகள் எண்ணுதற்கு எட்டாதன என்கின்றார். இவ்விரண்டற்கும் இடையே நிற்பன நான்கே அடிகள். சிந்தித்தலும் எண்ணுதலும் ஒரு தொழிலேயாயின், உள்ளே நின்றானொருவனை உடனே எட்டாதவன் என்றல் மாறுகொளக் கூறல் என்னுங் குற்றமாய் முடியும். வேறு வேறு தொழில்களாயின், அவ்வேறுபாடு யாது என்பதை உரையாசிரியன் காட்டுதல் வேண்டும்.

எளியவுரை, தெளிவுரை என்னும் பெயர்களால் இக்காலத்து வெளிவருவன பலவற்றை யான் இவ்வோரிடத்தைக் கருதியே புரட்டிப் பார்ப்பதுண்டு. அவற்றுட் பல, சிந்தையுள் என்பதற்கு ‘மனத்தில்’ என்றும், எண்ணுதற்கு என்பதற்கு ‘மனத்தால் நினைப்பதற்கு’ என்றும் பொருள் எழுதிச் செல்கின்றன. அங்ஙனமாயின் மனத்தில் நிற்பவன் மனத்தால் நினைக்கப்படாதவன் என்பது பொருளாகும். இஃது எவ்வாறு இயையும் என்று மாணாக்கனொருவன் கடாவுவானாயின், ‘அஃது இறைவனது பெருமை’ என்பதே அவ்வுரைகளிற் கிடைக்கும் விடை. இறைவனது பெருமையை யார் மறுப்பர்? ஆயின் சொற்பொருள் காணுதற்குச் சோம்பியவிடத்தெல்லாம் அப்பெருமையைத் துணைக்கழைத்தல் உரைமரபன்று.

இப்பிழை தோன்றுதற்குக் காரணம் ஒருவாறு அறியக்கூடியதே. நினைத்தல், எண்ணுதல், கருதுதல், உன்னுதல், ஓர்தல், சிந்தித்தல் என்பவற்றை ஒருபொருட் பன்மொழியாகவே நாம் இளமையிற் பயில்கின்றோம். உள்ளம், நெஞ்சம், மனம், சித்தம் என்பனவும் அங்ஙனமே. நிகண்டுகள் இவற்றை ஒருங்குவைத்துத் தந்தமை செய்யுளியற்றுவார்க்கு எதுகையும் சீரும் நோக்கிச் சொல்லெடுத்துக்கொள்ளும் பொருட்டேயாம். சாத்திரத்துக்கு உரைசெய்வார் பொருட்டன்று. நிகண்டாசிரியர்களும் இதனை அறியாதவரல்லர். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, ஒரு சொல் பல பொருள் படுமாற்றைத் தனியே தொகுத்துக் காட்டுகின்றது. பலசொல் ஒருபொருட்டாதலை மாத்திரம் மனத்திற்கொண்டு, ஒருசொல் தனக்கே உரியதொரு பொருளிற் சிறந்து நிற்றலை விட்டுவிடுதல் நம்மவர் குறையாமன்றி நிகண்டின் குறையாகாது.

முதற்கண் எண்ணுதலை எடுத்துக்கொள்வோம். எண் என்பது இலக்கம். எண்ணுதல் ஒன்று, இரண்டு என முறைப்படுத்திக் கொள்ளுதல். அச்சொல்லே உள்ளத்தின் தொழிலுக்கும் ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருளையும் ஒரு சொல்லின் கீழேயே தருகின்றது. இனமொழிகளும் இதற்குச் சான்றாவன. கன்னடத்து எணிசு என்னும் வினை தொகையிடுதலையும் கருதுதலையும் குறிக்கும். தெலுங்கில் எஞ்சு என்பதும் அத்தகையதே. மலையாளத்தில் எண்ணுதல் பெரிதும் கணக்கிடுதலாகவே நின்றுவிட்டது. பரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்டுப் பின்னர் 1984 இல் விரித்துத் திருத்திய திராவிடச் சொற்பிறப்பகராதியும் இவையனைத்தையும் ஓரினமாகவே தொகுத்துள்ளது.

ஆகவே எண்ணுதல் என்பது பலவற்றை முன்வைத்து, அவற்றுள் இஃது ஒன்று, அஃது ஒன்று எனப் பகுத்து, இத்துணை என வரையறுக்கும் அறிவு. திருவள்ளுவனார் தெரிந்துசெயல்வகையில் இச்சொல்லை ஆளுமாறு காண்க. அவ்வதிகாரத்து முதற்குறள், ஒரு வினையால் வரும் இழப்பு, ஆக்கம், பின்விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கச் சொல்லுகின்றது. வணிகன் ஏட்டில் வரவு செலவு எழுதுதல் போன்றதே அது. அம்முறையில் எண்ணிய பின்னரே துணிதல் வேண்டும் என்பதும், துணிந்த பின்னர் எண்ணப் புகுதல் இழுக்கு என்பதும் அவ்வதிகாரத்துப் பெறப்படுவன. அவ்விடத்து எண்ணுதலை ‘நினைத்தல்’ என்று மாற்றிப் பார்த்தால் குறளின் வலி பாதி குன்றிவிடுதல் தெளிவு. வினையை நினையாதார் எவருமிலர், எண்ணாதாரே பலர்.

இனி, சிவபுராணத்தில் எண்ணுதல் இப்பொருளிலேயே நின்றதென்பதற்கு வெளிச்சான்று தேடுதல் வேண்டா. 24 ஆம் அடியில் இறைவனை ‘எண்ணிறந்து’ நின்றவனாகவும் எல்லையில்லாதவனாகவும் விளிக்கின்றார் அடிகள். எண்ணைக் கடந்தமையும் எல்லையின்மையும் ஒருங்கு கூறப்பட்டமை நோக்கற்பாலது. இரண்டடிக்கு முன் எண்ணுதற்கு எட்டாமை கூறியதன் காரணம் இங்கே தாமே விளக்கினாராயிற்று. எல்லையுள்ளதே எண்ணப்படும்; எல்லையில்லாததனை எண்ணப் புகுந்த அறிவு தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அஃதாவது, இன்னது, இத்தன்மையது எனச் சுட்டியறியும் சுட்டறிவுக்கு அவன் அகப்படான் என்பதாம். சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரம், உணரப்படும் பொருளெல்லாம் அசத்து எனக் கொண்டு நுவலும் நுட்பமும் இதுவே. திருவாசகத்தின் ‘எண்ணுதற்கு எட்டாமை’ சாத்திரத்தின் ‘சுட்டறிவிற்கு அப்பாற்படுதல்’ என்னும் குறியீட்டோடு இத்துணைப் பொருந்துதலைக் காட்டாத உரை, உரைக்கவேண்டியதனை உரையாது விட்டதாகும்.

அற்றேல், அதே சிவபுராணம் அவனை ஏகன் என்றதோடமையாது அநேகன் என்றும் கூறிற்றே, அநேகம் என்பது எண்ணாகாதோ எனின், ஆகாது. ஒருவனே எல்லாவுயிரினும் கலந்து நிற்றலால் அநேகனாதலன்றிப் பலராய்ப் பிரிந்து நிற்றலால் அன்று. உயிர்களை எண்ணலாம், உயிர்களிற் கலந்தவனை உயிர்களோடு சேர்த்து ஒருவன் என எண்ணுதல் கூடாது.

நினைத்தல் என்பது இதனின் முற்றும் வேறு. ஒரு சொல்லின் உண்மைப் பொருளை அறிய எளிய வழியொன்றுண்டு. அதன் மறுதலை யாதென்று வினாவுதல். நினைத்தலுக்கு மறுதலை மறத்தல். துணிதலுக்கு மறுதலை ஐயுறுதல், தெளிதலுக்குக் கலங்குதல், அறிதலுக்கு அறியாமை. எண்ணுதலுக்கோ எண்ணாமையன்றிப் பிறிதொரு மறுதலைச் சொல் எளிதில் அகப்படவில்லை. மறத்தலை மறுதலையாக உடைமையால், நினைத்தல் முன்னரே அறிந்ததொன்றன்பால் உள்ளம் மீண்டு செல்லுதலைத் தனக்குச் சிறந்த பொருளாகவுடையது. ஊரை நினைத்தான் என்றால் பிரிந்து வந்த ஊர் நமக்குத் தோன்றுகின்றது. ஊரை எண்ணினான் என்றாலோ வரிவசூலிக்கும் கணக்கன் தோன்றுகின்றான். திருக்குறளில் 121 ஆம் அதிகாரம் நினைந்தவர் புலம்பல் என்னும் பெயருடையது. முன் நுகர்ந்த இன்பத்தை நினைந்து தலைவன் தலைவியர் வருந்துதலே அங்குப் பொருள். ‘எண்ணியவர் புலம்பல்’ என்று அதற்குப் பெயரிட எவர்க்கேனும் மனம் வருமோ? கன்னடத்தார் இன்றும் நினைவாற்றலை நெனபு என்றே வழங்குகின்றனர். இதற்கு எதிராக, தமிழில் ஆராய்தலைக் குறித்த ஓர்தல் என்னும் சொல் மலையாளத்தில் ஓர்மை எனத் திரிந்து நினைவைக் குறிக்கலாயிற்று. சொற்கள் வரம்பு கடத்தல் உலகத்தியற்கையே. ஆயினும் வரம்பு இருந்தமையை அக்கடத்தலே காட்டும்.

உலகவழக்கில் நினைத்தலின் பொருள் இன்னும் விரிந்துள்ளது. ‘வருவாய் என்று நினைத்தேன்’ என்புழி அஃது உத்தேசம். ‘நினைவு தப்பியது’ என்று நோயாளியைக் குறித்துச் சொல்லும்போது அஃது அறிவுநிலை முழுதுமாம். ‘அவனுக்குப் பெரிய நினைப்பு’ என்று ஊர்ப்பெண்டிர் இகழுமிடத்து அஃது அகங்காரமேயாகும். தத்துவநூல் படியாத அவர்கள் கரணங்களின் வேற்றுமையை இத்துணை நயமாக அறிந்திருத்தல் வியக்கத்தக்கது. ‘நினைப்பு வந்தது’ என்றலும் ‘எண்ணம் வந்தது’ என்றலும் ஒன்றல்ல. முன்னது தானே வருவது. வாராதே என்றாலும் வரும். பின்னது ஒரு செயலை மேற்கொள்ளுங் கருத்து. அவனுக்கு வீடு கட்டும் எண்ணம் என்போம். வீடு கட்டும் நினைவு என்னோம்.

சித்தாந்தத்திலும் நினைப்புக்கும் மறப்புக்கும் தனியிடமுண்டு. கேவலத்தில் உயிர் ஆணவமறைப்பால் ஒன்றும் அறியாது கிடக்கும். சகலத்தில் கருவி கரணங்களைப் பெற்று நினைத்தும் மறந்தும் உழலும். ஆகவே நினைப்பு மறப்போடு பிறந்த இரட்டை. நினைப்பு உள்ள வரையில் மறப்பு அதன் நிழலாய்த் தொடரும். திருமூலர் முதலியோர் நினைப்பும் மறப்பும் அற்ற நிலையொன்றனைப் போற்றுதல் இதுபற்றியே. அங்ஙனமாகச் சிந்தித்தலை ‘நினைத்தல்’ என்று உரைத்தல், மறப்போடு கூடிய ஒன்றனை அதற்கு மேற்பட்டதன் இடத்தில் வைத்தலாக முடியும்.

இனிச் சிந்தித்தல். இது வடசொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் சிந்தை என்றால் பெரும்பாலும் கவலையே, வடமொழியிலும் அப்பொருளுண்டு. தமிழ்மொழி அச்சொல்லை ஏற்றபோது கவலையைப் பெரும்பாலும் வாயிற்கண்ணே நிறுத்திவிட்டுச் சிந்தையை மாத்திரம் உள்ளே விட்டதுபோலும்! திருமுறைகளிற் சிந்தை இறைவன் உறையும் இடமாகவும், அன்பின் ஊற்றாகவும் எத்துணையோ முறை வருகின்றது.

சாத்திரத்தில் இதன் இடம் யாது? மனம், புத்தி, அகங்காரம், சித்தம் எனக் கரணம் நான்கு. சாங்கியர் சித்தத்தைத் தனியே எண்ணாது அகக்கரணம் மூன்றென்பர். பதஞ்சலியார் மூன்றையும் அடக்கிச் சித்தம் என ஒரு சொல்லாற் கூறி, அதன் விருத்தியை ஐந்தாக வகுப்பர். வேதாந்தசாரமுடைய சதானந்தர், புத்தி நிச்சயவிருத்தி என்றும், மனம் சங்கற்ப விகற்ப விருத்தி என்றும், சித்தம் அனுசந்தான விருத்தி என்றும் கூறிப் பின்னிரண்டாகிய சித்தமும் அகங்காரமும் முன்னிரண்டனுள் அடங்கும் என்பர். நம்மவரோ நான்கனையும் வேறு வேறு தொழிலுடையனவாகவே கொள்வர். உண்மைவிளக்கமுடையார் ஒரு வெண்பாவிலேயே இத்தொழில்களை முறைப்படுத்தினார். மனம் பற்றுவது, புத்தி நிச்சயிப்பது, அகங்காரம் யான் என மீளமீள எழுவது, சிந்தை உற்றதனைச் சிந்திப்பது.

திருமடத்தில் யான் பாடங்கேட்ட நாளில் எங்கள் ஆசிரியர் இவ்விடத்தை நடத்தும்போது, மாலையிருளில் நிற்கும் கட்டையைக் கொண்டு வினாவுவார். ‘யாதோ ஒன்று’ எனப் பற்றியது எது? மனம். ‘யான் இதனைத் துணிவேன்’ என எழுந்தது எது? அகங்காரம். ‘மகனன்று, கட்டையே’ என்றது எது? புத்தி. ‘எனிற் சித்தம் எங்கே?’ என்பார். முன்கண்ட கட்டையை நினைவுகூர்ந்தது சித்தம் என்று ஒருவர் விடையிறுத்தார். “ஐயா, அது வேதாந்தியின் வீட்டுச் சித்தம், அதை அவரிடமே கொடுத்துவிடும்” என்றார் ஆசிரியர். பற்றிய பொருளை விட்டு அகலாது, ஐயத்திலும் துணிவிலும் அதனைத் தாங்கி நிற்பது எதுவோ அதுவே சித்தம் என்பது அவர் தந்த விளக்கம். பின்னர் நூல்களை ஒப்புநோக்கியபோதும் அதனினும் தெளிவானதொன்றை யான் கண்டேனல்லேன்.

சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்திசிவனார் தத்துவங்களின் தோற்றமுறை கூறுகின்றார். மூலப்பகுதியாகிய அவ்வியத்தமே சித்தமாய் நின்று சிந்தனையைச் செய்யும், அவ்வியத்தத்தினின்று புத்தி தோன்றும், புத்தியினின்று அகங்காரம், அவ்வகங்காரத்தின் தைசதக் கூற்றினின்று மனமும் ஞானேந்திரியங்களும் என்பது அம்முறை. இம்முறையை ஊன்றி நோக்குக. சித்தம் மூலத்தை ஒட்டியது. மனம் பொறிகளோடு உடன்பிறந்தது. இரண்டற்கும் நடுவே புத்தியும் அகங்காரமும் கிடக்கின்றன. தொல்காப்பியர் மரபியலில் ஐம்பொறியறிவோடு மனத்தைக் கூட்டி ஆறாவதறிவாக எண்ணியதும் மனம் பொறிகளின் வரிசையினதாதல் பற்றியே எனலாம். இங்ஙனமாகச் சிந்தை என்பதற்கு மனம் என்று உரையெழுதுதல், மாடத்து உச்சியைக் கேட்டானுக்குத் தெருவாயிலைக் காட்டுதல் போலும். பொதுவழக்கில் மனம் என்னுஞ் சொல் நான்கனையும் தழுவும் எனின், தழுவுக. திருவருள் அனுபவத்தைப் படிப்படியாக உரைக்குமிடத்தில் அப்பொதுவழக்கு போதாது.

சிவபுராணத்துள் இவ்விரு சொல்லையும் ஏற்றுநிற்கும் வினைச்சொற்களையும் நோக்கவேண்டும். எண்ணுதலோடு வந்தது எட்டுதல். எட்டுதலாவது கையை நீட்டிப் புறத்தே ஒன்றனைத் தொடுதல். சிந்தையோடு வந்தது நிற்றல். பின்னர் அடியார் சிந்தனையிலும் தம் சிந்தனையிலும் இறைவன் இருத்தலை உரைக்குமிடங்களிலோ, தேனும் அமுதும் ஊறுதலாகிய செயலையே அடிகள் கூட்டுகின்றார். எண்ணம் உள்ளிருந்து வெளியே செல்வது; சென்று எட்டமாட்டாது திரும்புவது. சிந்தை தான் செல்வதன்று. அதனுள்ளே ஒன்று வந்து நிற்பது, ஊறுவது. ஒரே பாட்டுள் அச்சொற்கள் இங்ஙனம் தத்தமக்குரிய வினையோடு பிரிந்து நிற்றலை ஓதுவார் அனைவரும் நாடோறும் ஓதுகின்றனர். உரையெழுதுவார் மாத்திரம் இவற்றை ஒன்றாக்கிவிடுகின்றனர்.

இங்கே இரு தடைகள் எழும். இரண்டும் புறக்கணிக்கத்தக்கனவல்ல.

முதலாவது: திருப்பள்ளியெழுச்சி ஐந்தாந் திருப்பாட்டில் அதே ஆசிரியர் இறைவனைச் சிந்தனைக்கும் அரியவனாகக் கூறினாரன்றோ? எனவே சிந்தையும் எண்ணமும் எட்டாமையில் ஒத்தனவே என்பது. அற்றன்று. ‘சிந்தனைக்கும்’ என்னும் சொல்லில் நிற்கும் உம்மை உயர்வு சிறப்பு. ஏனைக் கரணங்கட்கு அரியனாதல் சொல்லாமே அமையும்; அவை யாவற்றினும் உயர்ந்த சிந்தனைக்குங்கூட அரியன் என்பது அதன் கருத்து. சிவபுராணத்தில் எண்ணுதற்கு என்புழி உம்மையில்லை. ஆண்டு அது வேண்டப்படவுமில்லை. ஆகவே தடையாகக் காட்டிய இடமே சிந்தையின் மேன்மைக்குச் சான்றாயிற்று. அன்றியும், அரியன் என்று நிறுத்தாது, அத்தகையோன் எம் கண்முன் வந்தான் என்று அடிகள் முடித்தார். சிந்தனை தன் முயற்சியால் அவனைச் சென்று சாராது. அவனே வருவானாயின் அவனுக்கு இடமாகும். சிவபுராணத்தில் சிந்தையுள் நின்றமையைக் கூறிய அடுத்த அடியிலேயே அவனருளால் அவனை வணங்குதல் பேசப்படுதலும் இதனோடு ஒக்கும்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. சித்தம் மாயாகாரியமாகிய சடம். சடத்தில் சிவம் விளங்கி நிற்றல் எங்ஙனம்? ஈண்டுச் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் நமக்குத் துணையாகும். அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மாவன்று. ஆன்மா அவற்றைக் கூடி, அமைச்சரோடு கூடிய அரசன்போல நிற்கும் என்பது அதன் கருத்து. சிந்திப்பது சித்தம் என்று வழங்கினும், சித்தத்தை இடமாகக் கொண்டு சிந்திப்பது உயிரே. அமைச்சன் உரைத்தான் என்னும் வார்த்தையில் அரசாணை அடங்கியிருத்தல் போல்வது இது. ஆகவே சிந்தையுள் நின்றான் என்புழிச் சிந்தை என்றது கருவியை மாத்திரம் அன்று. அக்கருவியின்கண் நின்ற உயிரறிவை ஆகுபெயரான் உணர்த்திற்று. திருவருள் பதிந்தவழிப் பசுகரணம் சிவகரணமாம் என்னும் நம் கொள்கையும் இதனை அரண்செய்யும். சித்தம் என்றவிடத்துக் கருவியும் சிந்தை என்றவிடத்து உயிரறிவும் கொள்க என்று சொல்லளவிலேயே விதி வகுப்பாரும் உளர். உண்மைவிளக்கமுடையார் கருவியையே சிந்தை என்றாராகலின் அவ்விதி நில்லாது. இடம்நோக்கியே துணிதல் வேண்டும். உரையாசிரியனுக்குப் பணி இருப்பதும் அதுபற்றியே.

இத்துணையும் சொல்லாராய்ச்சி விளையாட்டென்று சிலர் கருதலாம். ஞானத்தின் படிகளை நோக்குவார்க்கு அங்ஙனம் தோன்றாது. சித்தியார் எட்டாஞ் சூத்திரத்தில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானம் நான்காகக் கூறப்பட்டது. இரண்டாம் படியாகிய சிந்தித்தலை ‘கேட்டதை நினைத்தல்’ என்று ஒருவன் கொள்வானாயின், அவன் ஏட்டை மூடிவைத்துப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருப்பான், நினைவு வலியுடையனாவான், சூத்திரம் பன்னிரண்டையும் தலைகீழாகச் சொல்லுவான், கேட்டலின்மேல் ஒரு விரற்கடையும் ஏறியிரான். ‘கேட்டதை எண்ணுதல்’ என்று கொள்வானாயின், தடையும் விடையுமாகக் கணக்கிட்டு, வாதத்தில் வல்லனாய், பிறர்மதத்தை மறுத்தலே தெளிவென்று மயங்குவான். இவ்விருவரையும் யான் நிரம்பக் கண்டதுண்டு. சபையில் இருவரும் ஒருவரையொருவர் வென்றுகொண்டேயிருப்பர். கேட்ட பொருளைத் தன்னறிவில் விடாது தாங்கி, அதன் ஐயந் திரிபுகள் தாமே கழலுமளவும் நிற்கும் நிலையே சிந்தித்தல். அது முதிர்ந்தவழித் தெளிதல் தானே வரும். நினைத்தலிலிருந்து தெளிதல் வாராது. எண்ணுதலிலிருந்து வருவது துணிதல் ஒன்றே. துணிந்தவன் மீண்டும் ஐயுறலாம். தெளிந்தவனுக்கு ஐயமில்லை. நீதிமன்றத்துத் தீர்ப்புத் துணிவு. கலங்கிய நீர் அடிமண் படிய நிற்றல் தெளிவு.

இக்காலத்துச் செய்தித்தாள்களும் மேடைகளும் சிந்தனை என்னுஞ் சொல்லை ஆராய்ச்சிக்கும் அபிப்பிராயத்திற்கும் ஒருங்கே வழங்கிவருகின்றன. ‘சிந்தனைத் துளிகள்’ என்று தலைப்பிட்டு நாலைந்து வரி அச்சிடுவாருமுளர். துளித்துளியாகச் சிந்துவது சிந்தனையாகுமெனின் அது சிந்து என்னும் தமிழ்வினையினின்று வந்ததாதல் வேண்டும். மனநூல் எழுதுவோர், ஆங்கிலத்தில் மைண்டு என்னும் ஒருசொல் நின்றவிடத்திலெல்லாம் மனம் என்றே பெயர்த்து, நமது நான்கு கரணங்களையும் அதனுள் அடக்கிவிடுகின்றனர். உலகநூல்களில் அது நிகழ்க. அச்சொல்லாட்சி திருமுறையுரைக்குள் புகும்போதுதான் வாளா இருத்தல் இயலாததாகின்றது.

அறிதல், உணர்தல் என்னும் இரண்டற்கும் இத்தகைய வேறுபாடுண்டு. திருவள்ளுவனார் மெய்யுணர்தல் என்றார், மெய்யறிதல் என்றிலர். குறிப்பறிதல் என்று இருகால் அதிகாரத் தலைப்பிட்டார், குறிப்புணர்தல் என்றிலர். துயிலினின்று எழுதலும் உணர்தல். அகத்திணையில் ஊடல் நீங்குதலும் உணர்தல். முன்னிருந்ததோர் மறைப்பு நீங்குதல் இவையிற்றிற்கெல்லாம் பொதுவாதல் காண்க. அதனை விரிப்பிற் பெருகுமாதலின் பிறிதொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்கின்றேன்.

எடுத்துக்கொண்ட இடங்கட்கு என் உரை இது. சிவபுராணம் 17 ஆம் அடியில், சிந்தையுள் என்பதற்குச் ‘சித்தத்தைச் சார்ந்து நிற்கும் என் உயிரறிவின்கண்’ எனவும், 22 ஆம் அடியில், எண்ணுதற்கு என்பதற்கு ‘இன்னது, இத்துணையது எனச் சுட்டி வரையறுத்து அறிதற்கு’ எனவும் உரைக்க. 24 ஆம் அடியின் எண்ணிறத்தலை அதற்கு ஏதுவாகக் காட்டுக. திருப்பள்ளியெழுச்சியில் ‘ஏனைக் கரணங்கட்கேயன்றிச் சிந்தனைக்குங்கூட’ என்று உம்மை விரித்துரைக்க. எளியவுரைகளுட் பலவற்றில் அவ்வும்மை விடுபட்டே கிடக்கின்றது. மறுபதிப்புச் செய்வோர் அதனை முதலிற் சேர்த்துக்கொள்வாராக.